தன் வெற்றியைத் தானே விசாரித்த மருத்துவர்: தியோடர் கோக்கர்

நம் வீடுகளில் தைராய்டு மாத்திரை இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு, வெறும் வயிற்றில் ஒரு சிறிய மாத்திரையை விழுங்கிய பிறகுதான் பல பெண்கள் அடுப்படிக்குள் நுழைகிறார்கள். கழுத்தில் அறுவை செய்து சுரப்பியை எடுத்தவர்களும் அந்த மாத்திரையின் துணையோடு பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு, நிம்மதியாக வாழ்கிறார்கள்.

நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இது நடக்காத காரியம். கழுத்தில் கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போகும் என்று பெரிய மருத்துவர்களே கைவிட்டிருந்த நோய் இது. அந்த நிலையை மாற்றியவர்களில் முதலிடம் பெறுபவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர். நாளமில்லாச் சுரப்பிகளுக்கான அறுவை மருத்துவம் ஒரு தனித் துறையாக எழுந்ததற்கு அடித்தளம் போட்டவர் அவர். மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அறுவை மருத்துவரும் அவரே.

ஆனால் அவர் பெற்ற பரிசைவிட, அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த ஒரு காரியம்தான் நாம் அறிய வேண்டியது. உலகமே பாராட்டிய தன் அறுவை, பிழைத்து வீடு திரும்பியவர்களின் வாழ்வைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவர் தேடிக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை மூடி மறைக்காமல் சபையில் எழுந்து சொன்னார்.

பிறப்பும் படிப்பும்

எமில் தியோடர் கோக்கர் 1841 ஆகஸ்ட் 25 அன்று பெர்னில் பிறந்தார். தந்தை பொறியாளர். தாயார் மொராவியச் சகோதரர்கள் எனப்படும் பக்தி மிகுந்த கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்த வளர்ப்பின் தாக்கம் கோக்கரிடம் கடைசிவரை இருந்தது. ஆடம்பரம் இல்லாத வாழ்க்கை, ஒழுங்கான நேரம், அதிர்ந்து பேசாத சுபாவம் என்றே அவரோடு பழகியவர்கள் அவரைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பெர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1865இல் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றார். அதோடு நிற்காமல் கல்வி தேடிப் பயணம் புறப்பட்டார். சூரிச்சில் அப்போது பணியாற்றிய தியோடர் பில்ரோத், பெர்லினில் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கென்பெக் ஆகிய அக்காலத்தின் பேராசான்களின் அறுவைக் கூடங்களைப் பார்த்தார். லண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றார். ஓர் ஆசிரியரோடு முடங்கிவிடாமல் பல ஊர்களின் முறைகளைக் கண்ணால் கண்டு ஒப்பிட்டது, பின்னாளில் அவருக்குப் பெரிதும் உதவியது.

1872இல் பெர்ன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியர் பதவி காலியானது. பேராசிரியர் குழுவின் எண்ணம் வெளியூர்க்காரர் ஒருவரை அழைப்பதாக இருந்தது. மாணவர்களோ கோக்கர்தான் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். மாநில அரசும் அவரையே நியமித்தது. அப்போது அவருக்கு வயது 30தான். அடுத்த 45 ஆண்டுகள் அவர் அந்த இடத்தைவிட்டு அகலவில்லை. பிற நாட்டுப் பெரிய பல்கலைக்கழகங்கள் அழைத்தபோதும் பெர்னை விட்டுப் போகவில்லை.

மலைநாட்டின் நோய்

கோக்கர் ஏன் தைராய்டுக்கு வந்தார் என்பதற்கு அந்த ஊரின் மண்ணே காரணம். தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி போல விரிந்திருக்கும் சுரப்பி. அது வேலை செய்ய அயோடின் தேவை. உணவில் அயோடின் குறைந்தால், கிடைக்கும் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ள அந்தச் சுரப்பி தன்னையே பெரிதாக்கிக்கொள்கிறது. கழுத்தில் கட்டிபோல் தொங்கும் அந்த வீக்கத்தைத்தான் முன்கழுத்துக் கழலை என்கிறோம்.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் அயோடின் மிகக் குறைவு. அதனால் சுவிட்சர்லாந்தின் பள்ளத்தாக்குகளில் கழலை இல்லாத குடும்பத்தைக் காண்பதே அரிது என்ற நிலை பல ஊர்களில் இருந்தது. சிலருக்கு அது மூச்சுக்குழாயை நெரிக்கும் அளவு வளரும். தாய்க்கு அயோடின் போதாத ஊர்களில், பிறக்கும் குழந்தைகளில் சிலர் குள்ளமாகவும், செவி கேளாமலும், அறிவு வளர்ச்சி குன்றியும் இருந்தார்கள். கிரெட்டினிசம் என்று மருத்துவம் அழைக்கும் நிலை அது. இந்த இரண்டு நோய்களும் ஒரே ஊர்களில் காணப்படுவதை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டுக்கும் என்ன உறவு என்பது மட்டும் புரியாமல் இருந்தது.

கழலை புதிய நோயும் அல்ல. கோக்கருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, அந்தலூஸின் குர்துபா நகருக்கு அருகே வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, அத்தஸ்ரீஃப் என்ற தம் மருத்துவப் பெருநூலின் அறுவை மருத்துவப் பகுதியில் இந்த வீக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தொண்டையின் யானை என்று பொருள்படும் பெயரை அவர் அதற்குத் தந்தார். பெண்களுக்கு அதிகம் வருவதையும், அதில் சில வகை இரத்தக் குழாய் வீக்கத்தைப் போன்றவை என்பதால் கத்தி வைக்கக்கூடாது என்பதையும் குறித்து எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை 19ஆம் நூற்றாண்டிலும் பொய்க்கவில்லை. தைராய்டுக்குள் ஓடும் இரத்தம் மிக அதிகம். அறுத்தால் இரத்தம் பீறிடும். அது நின்றாலும் புண் சீழ் பிடிக்கும். அறுவை செய்யப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். பிரான்சின் மருத்துவ அகாடமி 1850இல் இந்த அறுவையைக் கண்டித்தது. பில்ரோத் போன்ற தலைசிறந்தவரே பல நோயாளிகளை இழந்தபின், சில ஆண்டுகள் இந்த அறுவையைச் செய்யாமல் நிறுத்திவைத்தார்.

மெதுவாக அறுத்தவர்

கோக்கர் பதவியேற்ற காலத்தில் மருத்துவத்தில் இரண்டு நல்ல மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. ஒன்று மயக்க மருந்து. மற்றொன்று ஜோசப் லிஸ்டர் கொண்டுவந்த கிருமிநாசினி முறை. லிஸ்டரின் முறையைப் பல ஊர்களில் மூத்த மருத்துவர்கள் ஏளனம் செய்துகொண்டிருந்தபோது, கோக்கர் அதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு தம் கூடத்தில் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்.

அதற்கு மேல் அவர் சேர்த்தது தம் சொந்த நிதானத்தை. மயக்க மருந்து இல்லாத காலத்தில் எவ்வளவு வேகமாக அறுக்கிறாரோ அவ்வளவு நல்ல மருத்துவர் என்பது வழக்கம். மயக்க மருந்து வந்தபின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. கோக்கர் அதை மாற்றினார். சுரப்பிக்கு வரும் இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடி, முதலில் கட்டிவிட்டு, பிறகே சுரப்பியைப் பிரித்தார். குரலுக்கான நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கத்தியை நகர்த்தினார். கழுத்தின் இயற்கையான மடிப்பை ஒட்டிக் குறுக்காக, சட்டைக் கழுத்துப் பட்டிபோல் கீறும் முறையை நிலைநாட்டினார். தழும்பு மடிப்போடு மறைந்துவிடும். பிற்காலத்தில் முழு மயக்கத்துக்குப் பதில், அறுக்கும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை செய்வதையும் அதிகம் கையாண்டார்.

பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. அவருடைய முதல் நூறு நோயாளிகளில் சுமார் 13 விழுக்காட்டினர் இறந்தார்கள். அதுவே அக்காலத்துக்குப் பெரிய முன்னேற்றம். 1898 வாக்கில் சாதாரணக் கழலை அறுவையில் இறப்பவர்கள் ஆயிரத்துக்கு இருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. வாழ்நாளில் அவரும் அவருடைய மருத்துவமனையும் செய்த தைராய்டு அறுவைகள் 5,000க்கும் மேல்.

இந்த எண்களை அவரால் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பு எழுதி வைத்தார். யாருக்கு எவ்வளவு எடுத்தோம், என்ன ஆனது என்பதை மறக்காமல் பதிந்தார். அந்தக் குறிப்பேடுகளே பின்னால் அவருக்கு எதிரான சாட்சியாகவும் வந்து நின்றன.

பதினொரு வயதுச் சிறுமி

1874 ஜனவரியில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கோக்கர் கழலை அறுவை செய்தார். சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார். அப்போதைய அறிவின்படி அதில் தவறு இல்லை. தைராய்டு எதற்காக இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. பயனற்ற ஓர் உறுப்பு என்றே பலர் எண்ணினார்கள். நோயுள்ள பொருளை மிச்சமில்லாமல் எடுப்பதுதான் நல்ல அறுவை என்பது எல்லோருடைய கருத்தும்.

புண் ஆறியது. சிறுமி வீடு திரும்பினாள். கோக்கரின் பேட்டில் அது வெற்றி. ஆனால் அவளை அனுப்பிவைத்த உள்ளூர் மருத்துவர் ஆகஸ்ட் ஃபெட்செரின், பிள்ளையின் குணம் மாறிவிட்டது, துருதுருவென்று இருந்தவள் மந்தமாகிவிட்டாள் என்று தகவல் சொன்னார். தகவல் வந்தது. ஆனால் அந்தச் சிறுமியைக் கோக்கர் மறுபடி கண்ணால் காணப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த இடைவெளியில் இன்னும் பலருக்கு முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டது.

1882 செப்டம்பரில் ஜெனீவாவில் மருத்துவர்கள் கூடிய ஓர் அமர்வில், அவ்வூர் அறுவை மருத்துவர் ழாக் லூயி ரெவர்டின் தம் அனுபவத்தைச் சொன்னார். முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்ட தம் நோயாளிகளில் சிலர் சில மாதங்களில் சோர்ந்து, முகம் ஊதி, அறிவு மந்தமாகிவிடுவதாக அவர் கவனித்திருந்தார். கோக்கரோடு இதைப் பற்றிப் பேசினார். உங்களிடம் சிகிச்சை பெற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்குக் கோக்கரிடம் பதில் இல்லை.

திரும்ப அழைத்தார்

ஊர் திரும்பிய கோக்கர் தம் பேடுகளை எடுத்தார். அதுவரை அவர் செய்த கழலை அறுவைகள் நூற்றுக்குச் சற்று மேல். அவர்களில் 34 பேருக்கு முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டிருந்தது. அவர்கள் எல்லோரையும் தேடிக் கடிதம் போட்டு வரச் சொன்னார். அந்தக் காலத்தில் மலைக் கிராமங்களிலிருந்து பெர்னுக்கு வருவது எளிதல்ல. ஆனாலும் 18 பேர் வந்தார்கள்.

வந்த 18 பேரில் 16 பேரின் நிலை அவரை உலுக்கியது. முகமும் கையும் ஊதியிருந்தன. தோல் வறண்டு, முடி உதிர்ந்திருந்தது. குளிர் தாங்க முடியவில்லை. பேச்சு இழுத்தது. யோசனை மெதுவாக வந்தது. வயது குறைந்தவர்கள் வளர்ச்சி நின்று போயிருந்தார்கள். நன்றாக இருந்த இருவருக்கோ, எஞ்சியிருந்த சிறிது தைராய்டுத் திசு திரும்ப வளர்ந்திருந்தது.

அந்த 1874ஆம் ஆண்டுச் சிறுமியும் வந்தாள். அவளுக்கு ஒரு தங்கை உண்டு. அறுவைக்கு முன் இருவரையும் பார்ப்பவர்கள் அடையாளம் மாற்றிச் சொல்லும் அளவுக்கு ஒரே சாயல். இப்போது தங்கை வளர்ந்து அழகான இளம்பெண்ணாக நின்றாள். அக்காளோ தங்கையைவிடக் குள்ளமாக, வீங்கிய முகத்தோடு, கிரெட்டினிசம் பீடித்த குழந்தையின் தோற்றத்தில் நின்றாள். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு கோக்கரின் கத்தி ஒன்றுதான்.

அறுவை செய்த கணக்கில் இவர்கள் யாரும் இறந்தவர்கள் அல்லர். பிழைத்தவர்கள் என்ற வரிசையில் இருந்தவர்கள். இறப்பு விழுக்காட்டை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் கோக்கரின் புகழுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. கிராமத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி எந்த மாநாட்டிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1883 ஏப்ரலில் பெர்லினில் ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தின் மாநாடு கூடியது. ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் அமர்ந்திருந்த அந்தச் சபையில் கோக்கர் எழுந்து, கழலை அறுவையையும் அதன் விளைவுகளையும் பற்றி உரையாற்றினார். தம் வெற்றிக் கணக்கைச் சொன்னார். அதே மூச்சில், முழுச் சுரப்பியையும் எடுத்ததால் நேர்ந்த கேட்டையும் நோயாளி நோயாளியாக விவரித்தார். அந்நிலைக்கு ஒரு பெயரும் தந்தார். புற்றுநோய் அல்லாத கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுக்கக்கூடாது, ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும் என்று அறிவித்தார். தம் கூடத்தில் அந்த விதியை உடனே நடைமுறைப்படுத்தினார்.

நேர்மையும் குறையும்

ஒருவரைப் புகழும்போது அவரிடம் இருந்த குறையை மறைப்பது நியாயமல்ல. கோக்கர் கண்டதைச் சரியாகக் கண்டார். காரணத்தை முதலில் தவறாகச் சொன்னார். அறுவையில் மூச்சுக்குழாய் பாதிக்கப்பட்டு, நோயாளிக்குப் போதிய காற்று கிடைக்காமல் போனதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அது பிழை.

முதலில் கவனித்தவர் யார் என்பதிலும் ரெவர்டினுக்கும் அவருக்கும் இடையே மனவருத்தம் எழுந்தது. ரெவர்டினின் பேச்சுதான் கோக்கரின் தேடலைத் தூண்டியது என்பதில் ஐயமில்லை. ரெவர்டினும் அதே 1883இல் தம் ஆய்வை வெளியிட்டார். இன்று வரலாறு இருவருக்கும் உரிய பங்கைத் தருகிறது.

சரியான விளக்கம் லண்டனிலிருந்து வந்தது. அங்கே மிக்சிடீமா என்ற பெயரில், அறுவை எதுவும் செய்யாத நடுவயதுப் பெண்களுக்கு வரும் ஒரு நோயை மருத்துவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். கோக்கரின் அறிக்கையைப் படித்த ஃபெலிக்ஸ் செமோன், கோக்கரின் நோயாளிகளுக்கு வந்ததும், மிக்சிடீமாவும், கிரெட்டினிசமும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள், தைராய்டு இயங்காததே அந்தக் காரணம் என்று 1883இன் இறுதியில் எடுத்துச் சொன்னார். முதலில் அதை ஏற்றவர்கள் குறைவு. லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்று குழு அமைத்து ஆராய்ந்து, 1888இல் அவர் சொன்னது சரியே என்று அறிவித்தது. கோக்கரும் தம் பழைய விளக்கத்தைக் கைவிட்டு உண்மையை ஏற்றார்.

நோய் தந்த மருந்து

இங்கிருந்து மருத்துவம் வேகமாக நகர்ந்தது. தைராய்டு இல்லாததுதான் நோய் என்றால், தைராய்டைத் திருப்பிக் கொடுத்தால் நோய் தீர வேண்டும். 1883இலேயே கோக்கர் தைராய்டு இழந்த ஒரு நோயாளிக்கு வேறொருவரின் தைராய்டுத் திசுவைப் பதித்துப் பார்த்தார். இழந்த உறுப்பின் வேலையை ஈடுசெய்யும் நோக்கத்தோடு செய்யப்பட்ட முதல் உறுப்பு மாற்று முயற்சி என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஜெனீவாவில் மொரிட்ஸ் ஷிஃப் விலங்குகளில் அதே கருத்தைச் சோதித்தார்.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து மிக்சிடீமா நோயாளி ஒருவருக்கு ஊசியாகச் செலுத்தினார். படுத்திருந்தவர் எழுந்தார். மருந்தைத் தொடர்ந்து எடுத்து இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஊசி தேவையில்லை, வாயால் உண்டாலே போதும் என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 1895இல் ஜெர்மனியின் யூஜென் பவுமான், தைராய்டுக்குள் அயோடின் இருப்பதைக் கண்டறிந்தார். 1914இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் அந்தச் சுரப்புநீரைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை அந்த வரிசையின் கடைசிக் கண்ணி.

இந்தத் தொடரின் முதல் கண்ணி ஒரு கசப்பான கண்டுபிடிப்பு என்பதை மறக்கக்கூடாது. தைராய்டு பயனற்ற உறுப்பு அல்ல, உடலும் அறிவும் அதை நம்பி நிற்கின்றன என்பதை மனிதர்களிடம் ஐயமறக் காட்டியது கோக்கரின் அந்த 16 நோயாளிகளின் பட்டியல்தான்.

இரு கைகளின் பாடம்

கோக்கரின் அமெரிக்க நண்பர் வில்லியம் ஹால்ஸ்டெட் பின்னாளில் ஒரு நுட்பமான கேள்வியை எழுப்பினார். பில்ரோத்தும் கோக்கரும் ஒரே அறுவையைத்தான் செய்தார்கள். பில்ரோத்தின் நோயாளிகளுக்கு ஏன் கை கால் இழுத்துக்கொள்ளும் இசிவு வந்தது? கோக்கரின் நோயாளிகளுக்கு ஏன் மிக்சிடீமா வந்தது?

இருவரின் கைகளையும் நேரில் பார்த்திருந்த ஹால்ஸ்டெட் விடையை அங்கேயே கண்டார். பில்ரோத் வேகமாக அறுப்பவர். அவர் சுரப்பியில் சிறிது மிச்சம் வைத்துவிடுவார், ஆனால் அதன் பின்னால் ஒட்டியிருக்கும், உடலின் கால்சியத்தைக் காக்கும் சின்னஞ்சிறு துணைச் சுரப்பிகள் சேதமாகிவிடும். அதனால் இசிவு. கோக்கர் இரத்தம் சிந்தாமல், ஓரத்தை ஒட்டி, சுத்தமாகப் பிரிப்பவர். துணைச் சுரப்பிகள் தப்பிவிடும், தைராய்டோ துளியும் மிஞ்சாது. அதனால் மிக்சிடீமா. கோக்கரின் கை அவ்வளவு திறமையானது என்பதே அவருடைய நோயாளிகளுக்குக் கேடாக முடிந்தது. திறமை மட்டும் போதாது, எதைச் செய்கிறோம் என்ற அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

மாணவர்களும் நூல்களும்

கோக்கர் தைராய்டோடு நின்றவர் அல்லர். தோள் மூட்டு நழுவினால் வலுக்கட்டாயமாக இழுக்காமல், கையைப் படிப்படியாகத் திருப்பி மூட்டைப் பொருத்தும் முறையை 1870இலேயே வெளியிட்டார். குடல் இறக்கம், பித்தப்பை, இரைப்பை, மூளை, துப்பாக்கிக் காயம் என்று பல துறைகளில் ஆராய்ந்தார். இரத்தக் குழாயையும் திசுவையும் இறுகப் பிடிக்கும் அவர் பெயர் கொண்ட கவ்வி இன்றும் உலகின் அறுவைக் கூடங்களில் அன்றாடம் கையில் எடுக்கப்படுகிறது. பித்தப்பைக்கான கீறலுக்கும், முன்சிறுகுடலை விடுவிக்கும் முறைக்கும் அவர் பெயரே வழங்குகிறது.

1892இல் வெளிவந்த அவருடைய அறுவை முறைகள் பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைப் படித்தே கத்தி பிடித்தார்கள். பெர்ன் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளிடையே கழலை எங்கெங்கு எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுத்தும் வெளியிட்டார்.

அவரிடம் கற்க உலகெங்குமிருந்து ஆட்கள் வந்தார்கள். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் 1900இல் பெர்னுக்கு வந்தார். மண்டை ஓட்டுக்குள் அழுத்தம் கூடினால் இரத்த அழுத்தம் எப்படி உயர்கிறது என்ற ஆய்வை அங்கேதான் தொடங்கினார். நவீன மூளை அறுவை மருத்துவத்தின் தந்தை என்று பின்னர் அழைக்கப்பட்டவர் அவர். சுவிட்சர்லாந்தின் செசார் ரூ, கோக்கருக்குப்பின் அதே பதவியில் அமர்ந்த ஃப்ரிட்ஸ் டி கெர்வைன் ஆகியோரும் அவர் மாணவர்களே. 1905இல் பிரசல்சில் கூடிய முதல் பன்னாட்டு அறுவை மருத்துவ மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். 1913இல் ரஷ்யப் புரட்சியாளர் லெனின் தம் மனைவி குரூப்ஸ்காயாவின் தைராய்டு நோய்க்கு அறுவை செய்ய அவரைத் தேடி பெர்னுக்கு அழைத்து வந்தார்.

பரிசும் நன்கொடையும்

1909இல் தைராய்டு சுரப்பியின் இயக்கம், நோய், அறுவை ஆகியவை பற்றிய பணிகளுக்காகக் கோக்கருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1912இல் அவர் 2,00,000 சுவிஸ் ஃபிராங்குகளைப் பெர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் அமைக்கக் கொடுத்தார். அவர் பெயரிலான அந்நிலையம் நூறாண்டு கடந்தும் அப்பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. நாம் வக்ஃப் என்று சொல்வோமே, கொடுத்தவர் போனபின்னும் பயன் தந்துகொண்டிருக்கும் சொத்து, அதைப் போன்றது அது.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1917 ஜூலையில், 75 வயதில், ஓர் அவசர அறுவைக்காக மருத்துவமனைக்கு அழைக்கப்பட்டார். சென்று செய்தார். பிறகு உடல் நலிவுற்று, ஜூலை 27 அன்று காலமானார்.

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளில், 1922இல், சுவிட்சர்லாந்தில் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கினார்கள். மருத்துவர்கள் ஓட்டோ பேயார்டும் ஹான்ஸ் எகென்பெர்கரும் அதற்குப் பாடுபட்டார்கள். அடுத்த தலைமுறையில் கழலையும் கிரெட்டினிசமும் அந்நாட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. கோக்கர் ஆயிரக்கணக்கில் கத்தியால் தீர்த்த நோயை, சமையலறை உப்பு வராமலே தடுத்துவிட்டது. அயோடினை அளவின்றிக் கொடுத்தால் சுரப்பி மிகையாக இயங்கிக் கேடு வரும் என்று கோக்கர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையில் உண்மை உண்டு. ஆனால் மிகச் சிறிய அளவே போதும் என்று பின்வந்தவர்கள் நிரூபித்தார்கள்.

இன்று தேவைப்பட்டால் மருத்துவர்கள் முழுத் தைராய்டையும் தயங்காமல் எடுக்கிறார்கள். கோக்கர் அன்று நிறுத்திய அதே அறுவைதான். ஒரே வேறுபாடு, எடுத்ததற்கு ஈடாக அன்றாடம் மாத்திரை இருக்கிறது.

நமக்கு என்ன?

முதலாவது நம் உடல்நலம். அயோடின் சேர்த்த உப்பையே வாங்குவோம், மூடி வைப்போம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்தக்கூடாது. கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்க்க வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி தொடக்க மாதங்களில் தாயின் தைராய்டையே நம்பியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தைராய்டுப் பரிசோதனை செய்யச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குறை இருந்தால் முதல் வாரங்களிலேயே மருந்து தொடங்கி, பிள்ளையின் அறிவைக் காப்பாற்றிவிடலாம்.

நிக்காஹ் பேச்சில் பெண்ணுக்குத் தைராய்டு என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. அதற்கு அஞ்சிப் பெண்கள் மாத்திரையை மறைக்கிறார்கள், சிலர் நிறுத்தியும் விடுகிறார்கள். ஒரு மாத்திரையில் கட்டுக்குள் நிற்கும் நோயை மறைக்க வைத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆபத்தைத் தேடிக்கொள்வது அறியாமை.

இரண்டாவது, மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், வேறு எந்தப் பணியில் இருப்பவர்களுக்கும் உரியது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை அமானிதம். வேலை முடிந்தது, கூலி வந்தது, பெயர் கிடைத்தது என்பதோடு அந்த அமானிதம் நிறைவேறிவிடாது. நாம் செய்த வேலை, நம் பார்வையிலிருந்து மறைந்தபின் அந்த மனிதருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கும் கடமை மிச்சமிருக்கிறது. ஆசிரியரிடம் படித்த பிள்ளை எங்கே இருக்கிறது? பஞ்சாயத்தில் தீர்த்துவைத்த தம்பதி எப்படி வாழ்கிறார்கள்? ஜமாஅத் உதவி பெற்ற விதவையின் வீட்டில் இன்று அடுப்பு எரிகிறதா?

கோக்கர் அந்தக் கேள்வியைச் சில ஆண்டுகள் தாமதமாகக் கேட்டார். ஆனால் கேட்டார். கிடைத்த பதில் தமக்கு எதிராக இருந்தும் அதை உலகுக்குச் சொன்னார். அவர் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தக் கேடு இன்னும் எத்தனையோ கூடங்களில் தொடர்ந்திருக்கும்.